பத்திரம்: லவுடன் கவுண்டியில் ஆறு நாள்

முதல் நாள்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் டலஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் எங்களை ஒரு வண்டியில் ஏற்றினார்கள். பஸ் என்று சொல்ல மனம் வரவில்லை. கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தைத் தூக்கிச் சக்கரத்தின்மேல் வைத்த மாதிரி இருந்தது. பயணிகளை நடக்கவிடாமல் கூடத்தையே அவர்களிடம் அனுப்பிவிடலாம் என்பது இந்த நிலையத்தை வடிவமைத்த ஈரோ சாரினெனின் யோசனையாம். 1962-ல் திறந்த நிலையம். என் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, இது வீட்டு வாசல்லயே கொண்டுபோய் விட்டுடுமா?" என்றாள்.

நான் வருவாய்த் துறையில் 34 வருஷம் இருந்து, தாசில்தாராக ஓய்வு பெற்றவன். அதில் நாலு வருஷம் நில எடுப்பு. அதனால் பெரிய கட்டுமானம் எதைப் பார்த்தாலும் 'இது யார் நிலம்?' என்றுதான் முதலில் தோன்றும். மாப்பிள்ளையைக் கேட்டேன், சிரித்தார். பதினொரு வயதுப் பேரன் போனில் தேடிச் சொன்னான். 1958-ல் ஜனாதிபதி ஐசனோவர் இந்த இடத்தை முடிவு செய்ததும் சுமார் 10,000 ஏக்கர் எடுத்திருக்கிறார்கள். அதில் வில்லார்ட் என்று ஓர் ஊர் இருந்தது. பெரும்பாலும் கறுப்பினக் குடும்பங்கள். சொந்த நிலத்தில் இருந்தவர்கள். இப்போது அந்தப் பெயரில் ஊர் இல்லை.

மகள் வீடு வர்ஜீனியா மாநிலம், லவுடன் கவுண்டி, ஆஷ்பர்னில். போகிற வழியில் ஜன்னலே இல்லாத கட்டிடங்கள் வந்துகொண்டே இருந்தன. நெல் குடோன் மாதிரி, ஆனால் ஒவ்வொன்றும் நாலைந்து குடோன் நீளம். சுற்றிலும் கறுப்புக் கம்பிவேலி, கேமரா, வரிசையாக ஜெனரேட்டர்கள். பெயர்ப்பலகை மட்டும் இல்லை.

"மாமா, இதுதான் கிளவுட். எல்லாம் டேட்டா சென்டர், உள்ள முழுக்க இணையத்தோட கம்ப்யூட்டர்தான். நீங்க ஊர்ல வாட்ஸப்ல அனுப்புற குட் மார்னிங் படம்கூட இந்தப் பக்கம் வந்துட்டுப் போயிருக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு வேலையும் இந்தக் கட்டிடங்களை நம்பித்தான்.

மேகத்துக்கு வாட்ச்மேன் போட்டிருப்பதை இன்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் நாள்

மழை. தூக்கம் தலைகீழாகிவிட்டது. இரவு இரண்டு மணிக்கு இருவரும் எழுந்து உப்புமா கிண்டிச் சாப்பிட்டோம். காலையில் வாசல் நடைபாதையில் கொஞ்சம் நின்றதோடு சரி, வெளியே எங்கும் போகவில்லை. மேஜைமேல் கிடந்த ஒரு தபாலைப் படித்துக்கொண்டிருந்தேன். காருக்கு வருடாந்திர வரி நோட்டீஸ். வாங்கும்போது கட்டுகிற வரி இல்லை. வைத்திருக்கிற வரைக்கும் அதன் மதிப்பின்மேல் ஆண்டுதோறும். வீட்டுக்குத் தனி வரி. இவற்றுக்கெல்லாம் மதிப்புப் போடும் வேலையில் ஒரு வருவாய் ஆணையர் இருக்கிறார். அவரை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள்! ஷெரீஃப், கருவூல அதிகாரி, நீதிமன்ற எழுத்தர், அரசு வழக்கறிஞர் எல்லாருமே வர்ஜீனியா மாநிலக் கவுண்டிகளில் தேர்தலில் நின்றுதான் வரவேண்டும். தாசில்தார் பதவிக்கு எலெக்ஷன் வைத்தால் நான் டெபாசிட் வாங்கியிருப்பேனா என்று மனைவியிடம் கேட்டேன். உப்புமாவைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்தாள்.

பேரன் ஒரு கணக்குக் காட்டினான், இன்றைக்கு அது போதும். இந்தக் கவுண்டியின் ஜனத்தொகை 1860-ல் 21,774. 1950-ல் 21,147. தொண்ணூறு வருஷத்தில் ஒரு ஆள்கூட ஏறவில்லை, கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 1990-ல் 86,129. 2020-ல் 4,20,959. விமான நிலையம் வந்தது, தொண்ணூறுகளில் இணையக் கேபிள்கள் வந்து கூடின, பின்னாலேயே நம் பிள்ளைகளும் வந்தார்கள். காலையில் நடைபாதையில் 'வணக்கம் சார்' என்றவர் திருநெல்வேலிக்காரர்.

மூன்றாம் நாள்

லீஸ்பர்க். கவுண்டித் தலைநகரம். இதற்காகத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்வேன். மகள் காதில் விழ வேண்டாம்.

கவுண்டி என்றால் மாவட்டமா, தாலுகாவா என்று ஊரில் கேட்டிருந்தார்கள். பரப்பில் சுமார் 520 சதுர மைல், அதனால் ஒரு பெரிய தாலுகா. அதிகாரத்தில் அதைவிட மேலே. பள்ளிக்கூடம், போலீஸ், கோர்ட், வரி, பத்திரப் பதிவு எல்லாம் ஒரே குடைக்குள். 1757-ல் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியிலிருந்து பிரித்து இதை உண்டாக்கினார்கள். லவுடன் பிரபு என்ற ஸ்காட்லாந்துக்காரர் அப்போது வர்ஜீனியாவின் கவர்னர். அவர் பெயரையே வைத்தார்கள். அந்த மனிதர் வர்ஜீனியா மண்ணில் கால் வைத்ததே இல்லை. சார்ஜ் எடுக்காமலேயே பெயரைக் கல்வெட்டில் போட்டுக்கொண்ட அதிகாரி!

கோர்ட் கட்டிடம் 1894-95-ல் கட்டியது. சிவப்புச் செங்கல், வெள்ளைத் தூண்கள், மேலே கூண்டு. இதே இடத்தில் இது மூன்றாவது கட்டிடம். வளாகத்தில் 1908-லிருந்து கூட்டமைப்புப் படைவீரன் (உள்நாட்டுப் போரில் அமெரிக்காவை விட்டுப் பிரிந்த தென்மாநிலங்களின் சிப்பாய்) சிலை ஒன்று துப்பாக்கியோடு நின்றது. 2020 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நீதிமன்றத்துக்கே சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற கறுப்பின வழக்கறிஞரின் பெயர். 1933-ல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஜார்ஜ் கிராஃபோர்டு என்ற கறுப்பினத்தவருக்காக இங்கே வாதாடினார். கூட நின்ற வக்கீல்கள் அனைவரும் கறுப்பினத்தவர். அந்தக் காலத்தில் தென்மாநிலக் கோர்ட்டில் அது கேள்விப்படாத காட்சி. தூக்குக்குப் பதில் ஆயுள் தண்டனை கிடைத்தது, அதையே வெற்றி என்று எண்ணியிருக்கிறார்கள்.

பழைய ஆவணப் பிரிவில் உட்கார்ந்ததும் அந்த வாசனை வந்தது. பழங்காகிதம், தோல் அட்டை. கண்ணை மூடினால் நம் ரெக்கார்டு ரூம்தான். பூச்சி மருந்து நெடி மட்டும் குறைச்சல். கவுண்டி பிறந்த 1757-லிருந்து கிரயப் பத்திரங்கள், உயில்கள், கோர்ட் உத்தரவுகள் தொடர்ச்சியாக இருக்கின்றன. "பார்க்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். உதவியாளர் அம்மா, கேட்டதற்கே சந்தோஷப்பட்டவர் மாதிரி, புத்தகத்தை மேஜைக்குக் கொண்டுவந்தார். மனு இல்லை, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு இல்லை, 'நாளைக்கு வாங்க' இல்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

கையெழுத்து படிக்கச் சிரமம். ஆனால் நடை பிடிபட்டுவிட்டது, ஏனென்றால் அது நம் செக்குபந்திதான், நிலத்தின் நாலு எல்லையையும் சொல்கிற பகுதி. ஒரு வெள்ளை ஓக் மரத்தில் ஆரம்பம். அங்கிருந்து தெற்கே இத்தனை டிகிரி திரும்பி இத்தனை 'போல்' தூரம், ஓடைக்கரையில் ஒரு ஹிக்கரி மரம். அங்கிருந்து இன்னாருடைய வேலி. சுற்றி மறுபடியும் அந்த ஓக் மரம். ஒரு போல் என்பது பதினாறரை அடி. நாலு போல் சேர்ந்தால் ஒரு குந்தர் சங்கிலி, 66 அடி. அதே சங்கிலியைத்தான் மதராஸ் சர்வேக்காரர்களும் நம் வயல்களில் இழுத்தார்கள். பழைய எஃப்.எம்.பி. என்ற நில அளவைப் புத்தகத்தில் 'லிங்க்ஸ்' என்று போட்டிருப்பது அந்தச் சங்கிலியின் கண்ணி. நாம் ஏக்கருக்கு நூறு சென்ட் என்பதும் அந்தக் கணக்கில் பிறந்ததுதான். பேரனுக்கு இதை விளக்கினேன். "தாத்தா, மரம் செத்துப்போனா?" என்றான். அதற்குத்தானே கண்ணா கோர்ட்டு!

நிலம் ஆரம்பத்தில் ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் ஜமீன். அரசர் கொடுத்த மானியம், மொத்தம் 50 லட்சம் ஏக்கருக்கு மேல். இளைஞன் ஜார்ஜ் வாஷிங்டன் சங்கிலி பிடித்துப் பழகியது இவருடைய நிலங்களில்தான். பிரபுவிடம் வாங்கியவர்கள் பெரிய பெரிய பண்ணைக்காரர்கள், அவர்களுக்குக் கீழே குத்தகைக்காரர்கள். குத்தகையில் 'மூன்று ஆயுள்' என்று ஒரு வகை இருந்தது. பத்திரத்தில் மூன்று பேரின் பெயரை எழுதுவார்கள். அந்த மூவரில் கடைசி ஆள் சாகும்வரை குத்தகை செல்லும். வருஷக் கணக்கே கிடையாது. விவரமான குத்தகைக்காரன் தன் சின்னப் பிள்ளையின் பெயரை எழுதிவைப்பான். 1776-ல், நாடு முழுக்க இங்கிலாந்து ராஜாவுக்கு எதிராகப் பேசிக்கொண்டிருந்தபோது, லவுடன் குத்தகைக்காரர்கள் 'போரில் விளைச்சலை விற்க வழியில்லை, குத்தகைப் பணம் தரமாட்டோம்' என்று நின்றுவிட்டார்கள். இதைப் படித்ததும் எனக்கு இந்த ஊர் பிடித்துப்போயிற்று.

ஆனால் அதே அலமாரியில் உயில்களும் இருக்கின்றன. செத்துப்போன பண்ணைக்காரரின் சொத்துப் பட்டியல்: கறுப்புக் குதிரை, இவ்வளவு; கலப்பை, இவ்வளவு; பெண்ணும் குழந்தையும், இவ்வளவு. ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே பத்தி. ஜப்தி பட்டியல் எத்தனையோ எழுதியிருக்கிறேன். அண்டா குண்டான் எழுதும்போதே கை கூசும். இந்தப் பக்கத்தில் கையைத் தூரமாக வைத்துக்கொண்டேன்.

இன்னொரு பதிவு. அடிமையாக இல்லாத கறுப்பினத்தவர்கள் கோர்ட்டில் வந்து பெயரைப் பதிய வேண்டும் என்று வர்ஜீனியாவில் 1793-ல் சட்டம். வயது, உயரம் இத்தனை அடி இத்தனை அங்குலம், தோல் நிறம், எந்தக் கையில் தழும்பு, நெற்றியில் வடு. நம் அங்க அடையாளம் மாதிரிதான். வித்தியாசம், இது இல்லாமல் ரோட்டில் நடந்தால் பிடித்துக்கொள்ளலாம். அந்தக் காகிதம்தான் அவர்களுக்குச் சுதந்திரம். மடித்து மடித்து, வியர்வையில் நனைந்து, சட்டைக்குள்ளேயே இருந்திருக்கும்.

மதியம் தெருவில் நடந்தபோதுதான் இந்த ஊரின் சங்கதி பிடிபட்டது. இந்த ஊருக்கு, பத்திரத்தைப் பத்திரமாக வைப்பதே ஜாதக விசேஷம்!

1814 ஆகஸ்ட். பிரிட்டிஷ் படை வாஷிங்டனை நோக்கி வருகிறது. வெளியுறவுத் துறையில் ஸ்டீபன் பிளெசன்டன் என்ற எழுத்தர் முரட்டு லினன் துணி வாங்கிப் பைகள் தைக்கச் சொல்கிறார். அவற்றில் சுதந்திரப் பிரகடனத்தையும் ஒப்பந்தங்களையும் காங்கிரஸின் ரகசியக் குறிப்பேடுகளையும் திணிக்கிறார். அந்த வழியாகப் போன போர்த்துறைச் செயலர், 'எதற்கு இந்தப் பதற்றம்?' என்கிறார். மேலதிகாரி! பிளெசன்டன் கேட்கவில்லை. வண்டி பிடித்து, சுமார் 35 மைல் தள்ளி லீஸ்பர்க்குக்குக் கொண்டுவந்து ஒரு காலி வீட்டில் பூட்டுகிறார். ஊருக்கு வெளியே இருக்கும் ரோக்பி என்ற வீடுதான் அது என்பார்கள். சாவியை யாரிடம் கொடுத்தார்? லிட்டில்ஜான் என்ற போதகரிடம். அவர் உள்நாட்டு வரி வசூல் அதிகாரியும்கூட. அமெரிக்காவின் தாய்ப்பத்திரத்துக்கு ஒரு வருவாய்த் துறைக்காரன் காவல்! நடுத்தெருவில் நின்று மனைவியிடம் இதை இரண்டு முறை சொன்னேன். பிளெசன்டன் களைத்துப்போய் விடுதியில் சீக்கிரமே தூங்கிவிட்டார். வாஷிங்டன் எரிகிற வெளிச்சம் லீஸ்பர்க் வரை தெரிந்தது அவருக்குக் காலையில்தான் தெரிந்தது.

அடுத்தது 1862. உள்நாட்டுப் போர், வடக்குப் படை நெருங்குகிறது. கவுண்டி எழுத்தர் ஜார்ஜ் ஃபாக்ஸ் நான் காலையில் பார்த்த அத்தனை புத்தகங்களையும் வண்டியில் ஏற்றித் தெற்கே கேம்பல் கவுண்டிக்குக் கொண்டுபோனார். போர் முடிந்து 1865-ல் திரும்பக் கொண்டுவந்தார். வர்ஜீனியாவில் பல கவுண்டிகளின் ஆவணங்கள் போரிலும் தீ விபத்திலும் அழிந்தன. அவற்றுக்கு 'எரிந்த கவுண்டிகள்' என்றே பெயர். லவுடன் எரியவில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், எங்கே என்று வேண்டாம், ஒரு மழைக்கு ரெக்கார்டு ரூமில் முழங்கால் தண்ணீர். அடித்தட்டு அடங்கல் கட்டெல்லாம் களி மாதிரி ஆகிவிட்டது. மாடியில் பிரித்து உலர்த்தினோம். காக்காய் வந்து காகிதத்தைக் கொத்திக்கொண்டு போயிற்று. ஃபாக்ஸ் மாதிரி ஒரு வண்டி பிடிக்க எனக்குத் தோன்றவில்லை.

கிளம்பும்போது பழைய பத்திரம் ஒன்றின் நகல் கேட்டேன். பக்கத்துக்கு 50 சென்ட். ரசீதும் கொடுத்தார்கள்.

நான்காம் நாள்

காலை, பால்ஸ் பிளஃப். பொட்டோமாக் ஆற்றின் இந்தக் கரையில் செங்குத்தான மேடு. காட்டுப் பாதையில் போகவேண்டும். 1861 அக்டோபர் 21 அன்று வடக்குப் படை அக்கரை மேரிலாந்திலிருந்து ஆற்றைத் தாண்டி, இந்த மேட்டில் ஏறி, சண்டையில் தோற்று, வந்த வழியே இறங்கி ஓடியது. படகுகள் போதவில்லை. பலர் ஆற்றோடு போனார்கள், பிணங்கள் வாஷிங்டன் வரை மிதந்தன. படையை நடத்திய எட்வர்ட் பேக்கர் பதவியிலிருந்த செனட்டர், லிங்கனின் நண்பர். இங்கே விழுந்தார். பதவியில் இருக்கும்போதே போர்க்களத்தில் செத்த ஒரே அமெரிக்க செனட்டர் அவர்தான்.

மேட்டில் கல்சுவர் கட்டிய சின்ன மயானம். நம் வீட்டு முற்றத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. 25 கல். உள்ளே 54 பேர். ஒரே ஒரு கல்லில் மட்டும் பெயர், ஜேம்ஸ் ஆலன், மாசசூசெட்ஸ். மற்ற கற்களில் 'பெயர் தெரியாதவர்'. மேட்டு விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். ஆறு நம் காவிரி மாதிரி அகலம், ஆனால் பழுப்பு. மனைவி, "இறங்கவே பயமா இருக்கே, இதுல எப்படி ஓடினாங்க?" என்றாள். மகன் வயசுப் பிள்ளைகள். வேறு என்ன சொல்ல.

மதியம் வாட்டர்ஃபோர்ட். சுமார் 1733-ல் பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஏமஸ் ஜேனி என்ற குவேக்கர் உண்டாக்கிய ஆலை கிராமம். குவேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர்; சண்டை வேண்டாம் என்றவர்கள், அடிமை முறையையும் ஏற்காதவர்கள். அதனால் இந்தக் கவுண்டியே இரண்டு மனசாக இருந்தது. 1861-ல் யூனியனை, அதாவது அமெரிக்க ஐக்கியத்தை, விட்டுப் பிரியலாமா என்று ஓட்டெடுத்தபோது கவுண்டி முழுக்க 1,626 பேர் பிரிவோம் என்றார்கள், 726 பேர் வேண்டாம் என்றார்கள். வாட்டர்ஃபோர்டில் தலைகீழ், வேண்டாம் என்று 220, பிரிவோம் என்று 31. ஊரின் மில்காரர் சாமுவேல் மீன்ஸ் லவுடன் ரேஞ்சர்ஸ் என்று ஒரு படையே திரட்டி வடக்கோடு சேர்ந்துவிட்டார். 1862 ஆகஸ்ட்டில் அவர்களுக்கும் இதே கவுண்டிக்காரர்களான எதிர்ப்படைக்கும் சண்டை நடந்தது ஊர் பாப்டிஸ்ட் தேவாலயத்தில். செங்கல்லில் குண்டு பட்ட பள்ளத்தைப் பேரன் விரலை விட்டுப் பார்த்தான். ஒன்றுக்குள் அவன் விரல் நுனி முழுக்கப் போயிற்று.

1864-ல் இங்கே மூன்று குவேக்கர் இளம்பெண்கள் ஒரு பத்திரிகை நடத்தினார்கள். வடக்குக்கு ஆதரவாக, எதிரி நிலத்தில் உட்கார்ந்துகொண்டு. கையால் எழுதி ஆற்றைத் தாண்டி அனுப்பி பால்டிமோரில் அச்சடித்தார்கள். எட்டு இதழ் வந்தது. அதே வருஷக் கடைசியில் வடக்குப் படை, மறைந்து தாக்கும் தென்பக்கக் கொரில்லாப் படையினரை ஒடுக்குகிறோம் என்று வந்து ஐந்து நாள் களஞ்சியங்களையும் ஆலைகளையும் கொளுத்தியபோது, இந்த குவேக்கர்களின் களஞ்சியமும் சேர்ந்துதான் எரிந்தது. நம்மாள், வேற்றாள் என்று தீக்குத் தெரியாது. நஷ்ட ஈட்டுக்குப் பிறகு மனுப் போட்டார்கள். அதுவும் வருஷக்கணக்கில் இழுத்தது. அந்த மனுக்களைப் பார்க்க எனக்கு ஆசைதான்; மகள் காரை எடுத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள்

மேற்கே போனோம். குதிரைப் பண்ணை, திராட்சைத் தோட்டம், கல்வேலி. பார்க்க அழகு, எழுத ஒன்றுமில்லை. மிடில்பர்க்கில் ஒரு காபியின் விலையைக் கேட்டுவிட்டு மனைவி ஃபிளாஸ்கைத் திறந்தாள்.

ஒன்று மட்டும். இந்தப் பக்கம் 250 மைலுக்கு மேல் மண் ரோடு இருக்கிறது. அமெரிக்காவின் பணக்காரக் கவுண்டிகளில் முதல் வரிசையில் இருக்கும் ஊரில்! காசில்லாமல் இல்லை, தார் போடக் கூடாது என்று மக்களே கேட்கிறார்கள். இருநூறு வருஷத்துப் பாதை, அப்படியே இருக்கட்டும், தார் போட்டால் கார் வேகம் எடுக்கும், பின்னாலேயே பிளாட் போடுவான். எனக்கு வந்த மனுக்களில் பாதி 'தார்ச்சாலை அமைத்துத் தர வேண்டி'. ஒருமுறை அதற்காக மறியல் செய்தவர்களோடு ராத்திரி வரை ரோட்டில் உட்கார்ந்திருக்கிறேன். புழுதி பறக்க அந்த மண் ரோட்டில் போகும்போது அவர்கள் முகமெல்லாம் வந்தது.

திரும்பும்போது வைட்ஸ் ஃபெர்ரி பார்க்கலாம் என்றேன். பொட்டோமாக்கில் கார்களை ஏற்றிக் கேபிளைப் பிடித்து இழுத்துப் போகும் படகு, அந்த ஆற்றில் மிச்சமிருந்த கடைசிப் படகுத்துறை. 2020 டிசம்பரில் நின்றுவிட்டது, போய்ப் பிரயோஜனமில்லை என்றார் மாப்பிள்ளை. ஏனாம்? லவுடன் பக்கக் கரையில் படகு வந்து முட்டும் இடம் தனியார் நிலமா, பொதுப் படகுத்துறையா என்று வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, பொது என்று நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு. இத்தனை புத்தகத்தைக் காப்பாற்றிய ஊரில், ஒரு துண்டுக் கரைக்குக் காகிதம் சரியில்லாமல் படகு நின்றது.

ஆறாம் நாள்

பேரன் தினமும் பள்ளிக்குப் போகும் சாலைப் பக்கமாகவே ஒரு மயானம் இருக்கிறது என்று மாப்பிள்ளை காட்டினார். ஏழாம் எண் நெடுஞ்சாலையும் பெல்மான்ட் ரிட்ஜ் ரோடும் சேருமிடம். ஆயிரக்கணக்கான கார் போகிற முனை. மரங்களுக்கு நடுவே, பெல்மான்ட் பண்ணையில் அடிமைகளாக இருந்தவர்களைப் புதைத்த இடம். அந்தப் பண்ணை வீட்டை லீ குடும்பத்தார் கட்டி 200 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கோல்ஃப் கிளப். மயானம் ரொம்ப நாள் புதருக்குள் கிடந்து, சமீப காலத்தில்தான் மீட்டிருக்கிறார்கள்.

கல்லறை என்று ஒன்றும் இல்லை. தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். வயலில் கிடைத்த கல், செதுக்காதது, எழுத்தில்லாதது. முழங்கால் உயரம்கூட வராது. என் கண்ணுக்கு முதலில் அவை சர்வே கல்லாகத்தான் பட்டன. குனிந்து, மேலே அம்புக்குறி இருக்கிறதா என்று பார்த்தேன், பழக்கம். பிறகுதான் உறைத்தது. ஒரு ஜோடிக் கற்கள் மட்டும் ஜாண் அளவு இடைவெளியில் இருந்தன. குழந்தை.

1860 கணக்கெடுப்பில் இந்தக் கவுண்டியில் 5,501 அடிமைகள். நாலில் ஒருவர். அந்தக் கணக்கில் முதலாளியின் பெயரை எழுதி, கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். பெயர் எழுதக் கட்டமே கிடையாது. எண்ணினார்கள், எழுதவில்லை. மூன்றாம் நாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஆவணத்தைக் காப்பாற்றிய ஊர் என்று குதித்திருக்கிறேன். அழிக்கத் தோன்றியது, அழிக்கவில்லை.

மாலை, லீஸ்பர்க்கில் கவுண்டி சபைக் கூட்டம். தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பெயர் கொடுத்தால் பேசலாம். ஜமாபந்திக்குப் போன மாதிரி மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

பேச்செல்லாம் டேட்டா சென்டர் பற்றித்தான். ஒரு அம்மா ஜெனரேட்டர் சோதனைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்றார். ஒரு பெரியவர் உயர்மின் கோபுரம் தன் தோட்டத்துப் பக்கம் வருகிறது என்றார். எதிரே கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது. முடிந்ததும் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தியும் விடுகிறார்கள்!

சபைக்கு இது தர்மசங்கடம். இங்கே சுமார் 200 டேட்டா சென்டர் இருக்கிறது. உலக இணையப் போக்குவரத்தில் 70 சதவீதம் இந்த வழி என்று எல்லாரும் சொல்கிறார்கள். அளந்தவர் யார் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன், அவரே சிரித்துவிட்டார். ஆனால் வரிக் கணக்கு நிஜம். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு, காருக்குப் போடுகிற மாதிரியே, ஆண்டுதோறும் மதிப்பின்மேல் வரி; நூறு டாலருக்கு நாலு டாலருக்கு மேல். இயந்திரங்களுக்கு ரோடும் பள்ளிக்கூடமும் வேண்டாம். டேட்டா சென்டருக்காகச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 26 டாலர் திரும்பி வருகிறது என்பது கவுண்டியே போடும் கணக்கு. அந்தக் காசில்தான் பேரன் பள்ளிக்கூடம் பளபளக்கிறது, மகள் வீட்டு வரி குறைகிறது. மறுபக்கம், 2022-ல் மின்சார நிறுவனமே கிழக்கு லவுடனுக்குத் தேவைப்படும் மின்சாரத்தை உடனே கொண்டுவரக் கம்பி போதாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் சபை விதியை மாற்றியது. முன்பு பல இடங்களில் உரிமையோடு கட்டலாம். இனி ஒவ்வொன்றும் மக்கள் முன்னால் விசாரணைக்கு வந்தாக வேண்டும்.

என்னைக் கேட்டால், வரி வசூலித்தவன் என்ற முறையில், வரி கட்டும் ஒரே அசாமியை நம்பி ஒரு தாலுகா இருக்கக் கூடாது. அவன் ஒரு வருஷம் படுத்துக்கொண்டால் தீர்ந்தது. இதை அங்கே எழுந்து சொல்லவில்லை. கடிகாரம் பயமுறுத்திற்று.

வெளியே வந்தபோது கிழக்கே வானம் முழுக்க ஒரு மங்கலான வெளிச்சம். ஆஷ்பர்ன் பக்கம். 1814-ல் இதே ஊரில் நின்று இதே திசையில்தான் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பேரன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தான்.

நாளை நியூஜெர்சிக்கு, மச்சான் வீட்டுக்கு. மனைவி பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்த 50 சென்ட் நகலைக் காணோம். மேஜை, சட்டைப்பை, கார் எல்லாம் தேடிவிட்டு அவளைக் கேட்டேன்.

"அதுவா? உங்க பென்ஷன் புக்கோட வெச்சுக் கட்டிட்டேன். பத்திரமா இருக்கு, தூங்குங்க."